சிடி பிளேயர் வாங்குமுன் ஒயரை மாற்றிச் செருகிக் கேளுங்கள்

கச்சேரியும் சிம்பொனியும் கேட்பதற்காகச் சென்னையில் நல்ல சிடி பிளேயர் தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். அண்ணா சாலைப் பக்கம் ஓர் ஆடியோ கடையில் 68,000 ரூபாய்க்கு ஒரு பிளேயரை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

என் பழைய பிளேயரையும் எடுத்துவரச் சொன்னார்கள். "ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே ஸ்பீக்கர், ஒரே சிடி. நீங்களே கேட்டுப் பாருங்க சார்." பழையதில் பாட்டு ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. புதியதில் மேடையே விரிந்தது. வாசிப்பவர் வலது கைக்காரர் என்றால் மிருதங்கம் பாடகரின் வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம்; வலது கை வாசிக்கும் முகமான வலந்தலை ரசிகர்களைப் பார்த்திருக்கும். அந்த இடத்திலிருந்தே மிருதங்கத்தின் தீர்மானம், அதாவது வாசிப்பை முடித்துவைக்கும் சொற்கட்டு, கேட்டது. பின்னால் சபாவின் எதிரொலி வேறு. யாருக்குத்தான் ஆசை வராது?

வீட்டில் இணைத்தால் இரண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை. போன் செய்தேன். "நூறு மணி நேரம் ஓடணும் சார், அப்புறம்தான் திறக்கும்" என்றார்கள். ஓட விட்டேன். ஒன்றும் திறக்கவில்லை. அடுத்து, கேபிள் மாற்றச் சொன்னார்கள். அதுவும் அவர்களிடமே கிடைக்குமாம்!

சபாக்களில் மைக் செட் பார்க்கும் நண்பரைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பிளேயரோடும் அதே கடைக்குப் போனேன். அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஆம்புக்குப் பின்னால் கையை விட்டு இரண்டு பிளேயரின் ஒயர்களையும் இடம் மாற்றிச் செருகினார். மேடை என் பழைய பிளேயருக்குத் தாவிவிட்டது.

கடையில் வைத்திருந்த அந்த ஆம்ப், ஹோம் தியேட்டர் ரிசீவர். இந்த வகையில் பலவும் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனி ஒலி அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒன்றில் வெறும் ஸ்டீரியோ; மற்றதில் 'ஹால்' எஃபெக்ட், போதாததற்குச் சத்தமும் கொஞ்சம் தூக்கி. சத்தம் லேசாகக் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். எந்த எஃபெக்ட் ஓடுகிறது என்று காட்டும் டிஸ்ப்ளே விளக்கை ஏன் அணைத்து வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. "யாரோ தெரியாம மாத்திட்டாங்க சார்" என்றார் விற்பனையாளர். நம்பலாம்!

பழுதில்லாத சாதாரண சிடி பிளேயரே இடது வலது சேனல்களை நன்றாகப் பிரித்துத் தரும். மேடையின் அகலமும் ஆழமும் பதிவின்போது மைக் வைத்த விதத்தில் இருக்கிறது. அடுத்தது ஸ்பீக்கரும் அறையும். நம் கச்சேரி சிடிகள் பலவும் மைக்கை நெருக்கி வைத்துப் பதிவானவை. அவற்றில் இல்லாத ஆழத்தை எந்தப் பிளேயரும் கொண்டுவராது. ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்து, நீங்கள் உட்காரும் இடத்தோடு சமபக்க முக்கோணமாக வைத்துப் பாருங்கள். செலவே இல்லை.

பிளேயரில் பார்க்க வேண்டியது வேறு: ட்ரே சீராக நகர்கிறதா, கீறல் விழுந்த சிடியைப் படிக்கிறதா, மெதுவான ஆலாபனையின்போது மோட்டார் இரைச்சல் கேட்கிறதா. டெமோ கேட்டால் சாதாரண ஸ்டீரியோ ஆம்பில், எஃபெக்ட் எல்லாம் அணைத்து, இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒயரை மாற்றிச் செருகச் சொல்லுங்கள். முகம் கோணினால் கிளம்பிவிடுங்கள்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதன் பிறகு, பணத்துக்குப் பதில் அதே விலைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எடுப்பதாக இல்லை.