வீடு கட்டும் முன் தொல்லியல் மதிப்பீடு: காசு கொடுக்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் சிதறால் பக்கம் எங்கள் விளையில் (தோட்ட நிலத்தில்) வீடு கட்டும் முன் தொல்லியல் மதிப்பீடு, அதாவது நிலத்தில் பழங்காலத் தடயம் ஏதும் இருக்கிறதா என்ற சோதனை, செய்து தரும் ஒரு சின்னக் குழுவைக் கூப்பிட்டோம். வேலை சுத்தம். மலைமேல் இருக்கும் சமணக் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது, அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும், அதனால் முதலில் தூரத்தைத்தான் அளந்தார்கள். நாங்கள் அதற்கும் வெளியே, தப்பித்தோம்.

அப்புறம் ஒரு இடம் விடாமல் நடந்து பானை ஓடு, பழைய செங்கல் தேடினார்கள், கிணற்று ஓரத்தில் மண் அடுக்குகளைக் கூடப் பார்த்தார்கள். தோண்டவே இல்லை. அதற்குத் தனி அனுமதி வேண்டுமாம், சரிதான். கட்டும்போது ஏதாவது கிடைத்தால் என்ன செய்வது என்றும் சொன்னார்கள்: 1878 புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய்!

அறிக்கைதான் சொதப்பல். தாமதமாக வந்தது, வரைபடம் மங்கல், கொத்தனாருக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. கட்டணமும் கொஞ்சம் கூடுதல். வட்டக்கோட்டை மாதிரி பாதுகாக்கப்பட்ட பழைய இடத்துக்குப் பக்கத்தில் மனை வாங்குபவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இவர்களைக் கூப்பிடுங்கள்.