'108-ல் வேலை கன்ஃபார்ம்' என்று காசு கேட்கிறார்களா?

பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி என்று முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைக் கொஞ்சம் படியுங்கள். என் தம்பி விலங்கியல் பட்டதாரி. ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகப் போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதற்கு ஆறு மாத 'இ.எம்.டி. (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்) பயிற்சி' தருகிறோம் என்று பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் ஒரு தனியார் மையம் 35,000 ரூபாய் வாங்கிக்கொண்டது. பெயரை இங்கே எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருக்கிறது.

108-க்கு மருத்துவ உதவியாளர் எடுக்கும்போது இந்த மாதிரி மையங்களின் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. மாவட்ட அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் முகாம் நடத்தி ஆள் எடுக்கிறார்கள், செய்தித்தாளில் அறிவிப்பு வருகிறது. பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம்., டி.எம்.எல்.டி., பார்மசி படித்தவர்கள் வரலாம். விலங்கியல், தாவரவியல், பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி பட்டதாரிகளும் வரலாம். வயது 19-லிருந்து 30 வரை. எழுத்துத் தேர்வு, அப்புறம் உடற்கூறு, முதலுதவி பற்றிய கேள்விகள், கடைசியில் நேர்முகம். தேறியவர்களுக்கு 50 நாள் பயிற்சியை அவர்களே தருகிறார்கள்: வகுப்பறையிலும், மருத்துவமனையிலும், ஓடும் ஆம்புலன்ஸிலும். இதில் எந்த இடத்திலும் நாம் காசு கட்ட வேண்டியதில்லை.

அதாவது தம்பியின் கையில் இருந்த டிகிரியே போதும். மையத்து மேடத்துக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். அவனிடம் சொன்னது வேறு: "இ.எம்.டி. சர்டிபிகேட் இல்லாம உள்ளயே விட மாட்டாங்க தம்பி. இப்ப வண்டியில இருக்கறவங்க பாதிப் பேர் நம்ம பசங்கதான்."

சுவர் முழுக்க 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று எழுதி வைத்திருந்தார்கள். எந்த அரசு, எந்தத் துறை என்று பின்னால் நான் போய்க் கேட்டபோது ஒரு ஃபைலை நீட்டினார்கள். உள்ளே மூன்று தாள்கள். ஒன்று அறக்கட்டளைப் பதிவு, இன்னொன்று உத்யம் பதிவு, மூன்றாவது ஐ.எஸ்.ஓ. 9001. முதலாவதை சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இரண்டாவது சிறுதொழில் நடத்துபவர்கள் ஆன்லைனில் இலவசமாக எடுப்பது. ஐ.எஸ்.ஓ. நிர்வாக முறைக்கான சான்று, பாடத்திட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மருத்துவப் பயிற்சி நடத்தலாம் என்று சொல்லும் தாள் ஒன்றுகூட அந்த ஃபைலில் இல்லை.

வகுப்பு என்றால் ஜெராக்ஸ் நோட்ஸை ஒரு அக்கா வாசிப்பார், இவர்கள் எழுதிக்கொள்வார்கள். சி.பி.ஆர். பழக, அதாவது இதயம் நின்றவருக்கு மார்பை அமுக்கிச் செய்யும் முதலுதவியைப் பழக, ஒரு பொம்மை இருந்தது. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக முன்னறையிலேயே படுக்க வைத்திருப்பார்கள். பெரியவர்களுக்கு சி.பி.ஆர். செய்யும்போது மார்பு குறைந்தது 5 செ.மீ. அமுங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுசாக மேலே வர விட வேண்டும். அந்தப் பொம்மைக்கு ஸ்பிரிங் போய்விட்டது. அமுக்கினால் அமுங்கியபடியே கிடக்கும், அடியில் கையை விட்டுத் தூக்கிவிட வேண்டும். அதிலேதான் முப்பது பிள்ளைகளுக்குப் 'பிராக்டிகல் முடிந்தது' என்று கையெழுத்து வாங்கினார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று மூலையில் நின்றது, ரெகுலேட்டர் கிடையாது. கழுத்துப் பட்டையை எப்படி அளவெடுத்துப் போடுவது, முதுகெலும்பு அடிபட்டவரை எப்படிப் பலகைக்கு மாற்றுவது என்பதெல்லாம் நோட்ஸில் படமாக மட்டும் இருந்தது.

மூன்றாவது மாதத்திலிருந்து 'கிளினிக்கல் போஸ்டிங்'. ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, லேபுக்கு ரத்தம் கொண்டுபோவது, மெடிக்கலில் மருந்து வாங்கி வருவது, இரவில் வார்டைத் துடைப்பது. சம்பளம் இல்லாத வார்டு பாய் வேலை, அவ்வளவுதான். ஒரு நாள்கூட பி.பி. பார்க்க விடவில்லை. கேட்டால் "அதெல்லாம் ஸ்டாஃப் நர்ஸ் வேலை" என்பார்களாம். மருத்துவமனைக்கும் மையத்துக்கும் நடுவே என்ன கொடுக்கல் வாங்கல் என்று நான் ஊகிக்கத்தான் முடியும்.

முடிவில் வந்த 'பிளேஸ்மெண்ட்' ஒரு தனியார் ஆம்புலன்ஸ்காரரிடம். மாதம் 8,000 ரூபாய், டிரைவருக்கு எடுபிடி. தம்பி முடியாது என்றதும், "நாங்க வேலை குடுத்தோம், நீங்கதான் போகல" என்று எழுதி வாங்கப் பார்த்தார்கள். மறுத்ததும், சேரும்போது 'வெரிஃபிகேஷனுக்கு' என்று வாங்கி வைத்த பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி ஒரிஜினல்களைத் தர மாட்டோம் என்றார்கள். இன்னும் 10,000 தேர்வுக் கட்டணம் பாக்கியாம்.

இந்த இடத்தில் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதி மனு கொடுத்து, அதைப் பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். நாங்கள் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்று சாயங்காலமே "வந்து வாங்கிக்கோங்க சார்" என்று போன் வந்தது. 'சார்' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பணம்தான் இன்னும் வரவில்லை. மையம் கொடுத்த பண ரசீதை எடுத்துப் பார்த்தால் 'பயிற்சிக் கட்டணம்' என்று எங்கேயும் இல்லை, 'அறக்கட்டளைக்கு நன்கொடை' என்று அச்சடித்திருக்கிறார்கள். கொடுத்த நன்கொடையைத் திருப்பிக் கேட்க முடியாது என்பதுதான் இப்போது அவர்கள் வாதம். யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

நிஜமாகவே இந்தத் துறையைப் படிக்க வழி இல்லாமல் இல்லை. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே எமர்ஜென்சி கேர் டெக்னீஷியன் என்று ஓராண்டு சான்றிதழ் படிப்பு இருக்கிறது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி.யும் உண்டு. தனியார் மையத்தில்தான் சேர வேண்டும் என்றால், சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில், அல்லது எந்தத் திறன் கவுன்சிலின் (தொழிற்பயிற்சிக்குச் சான்று தரும் அமைப்பு) பெயரில் வரும் என்று கேளுங்கள். போன வருடப் பிள்ளை ஒருவரின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஒரிஜினலை மேசையில் வைத்துக் காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள், ஜெராக்ஸ் போதும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். மாவட்ட ஆணையத்தில் மனு போட, கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அவர்கள் கொடுத்த விளம்பர நோட்டீஸையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள். தம்பி இரண்டாவது தவணையை ஜிபேயில் அனுப்பியபோது குறிப்பில் 'இ.எம்.டி. ஃபீஸ்' என்று போட்டிருந்தான். அதற்கு அந்த மேடம் 'ஓகே, ரிசீவ்டு' என்று பதில் போட்டிருக்கிறார். நன்கொடைக் கதைக்கு எதிராக மனுவோடு நாங்கள் வைத்திருப்பது அந்த ஸ்கிரீன்ஷாட்தான்.