மொரிஸ் மைனர் ஸ்டியரிங்: மாற்றியதும் மாற்றாமல் விட்டதும்

என்னுடையது 948 சிசி மொரிஸ் மைனர் 1000 கார். யாழ்ப்பாணத்துக்குள் அன்றாட ஓட்டம், இடைக்கிடை ஏ9 வீதியில் வவுனியா வரை. ஸ்டியரிங்கில் ப்ளே (வீலைத் திருப்பினாலும் சில்லு உடனே திரும்பாத தளர்வு), நேர் வீதியிலும் இடம் வலமாக அலைச்சல்: பழைய மைனர் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த வியாதிதான். கராஜில் கேட்டால் ராக்கை, அதாவது இடம் வலமாக நகர்ந்து சில்லுகளைத் திருப்பும் பல் வெட்டிய தண்டை, மாற்றச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். 1948-இல் வந்த முதல் மைனரிலேயே அதை வடிவமைத்த இசிகோனிஸ் ராக் அண்ட் பினியன்தான் (ராக்கும் அதை நகர்த்தும் சிறு பற்சக்கரமும்) வைத்தார். ராக்கின் முனையை மூடும் ரப்பர் பூட் கிழியாமல், உள்ளே எண்ணெய் வற்றாமல் இருந்தால் அது லேசில் தேயாது. ரப்பர் பூட்டையும், ராக்கைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் டை ராட் எண்டையும் மாற்றினேன். ராக் பழையதுதான், இன்றும் நன்றாக இருக்கிறது.

உண்மையில் தேய்வது ட்ரன்னியன். முன்சில்லைத் தாங்கும் ஸ்விவல் பின்னின் மேலும் கீழும் புரி வெட்டியிருக்கும்; அந்தப் புரியில் பொருந்தும் துண்டுதான் ட்ரன்னியன். சில்லு திரும்புவது அந்தப் புரியில்தான். கிரீஸ் இல்லாமல் அது தேய்ந்தால் முதலில் ஆட்டம், பிறகு ஒருநாள் பின் கீழ் ட்ரன்னியனை விட்டுக் கழன்று சில்லு மடங்கிவிடும். ஜாக் போட்டுத் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினாலே தெரிந்துவிடும். வாங்கும்போது பக்கம் பார்த்து வாங்குங்கள்: இடத்துக்கும் வலத்துக்கும் புரி எதிரெதிர். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எனக்குக் கிடைத்த புது ட்ரன்னியன்கள் இதுவரை குறை வைக்கவில்லை. டை ராட் எண்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ரப்பர் வெயிலில் வெடித்து இரண்டாவது சோடியும் போட்டாயிற்று.

கிரீஸ் அடிக்கும்போதும் சில்லு தரையில் நிற்கக் கூடாது. சில்லின் மேலுள்ள பாரம் நீங்கினால்தான் புரியின் தேயும் பக்கத்துக்குக் கிரீஸ் போகும். முதலில் கறுப்பாகப் பிதுங்கும். புதுக் கிரீஸின் நிறம் தெரியும் வரை நிறுத்த வேண்டாம்.

எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் போடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் பலர் பழைய கார்களுக்கு வோக்ஸ்ஹோல் கோர்சாவின் மோட்டாரைப் பொருத்துகிறார்கள். ஆனால் மைனருக்கு மின்சாரம் தரும் டைனமோ சுமார் 20 ஆம்பியர்தான், அதோடு பொசிட்டிவ் ஏர்த் (பற்றரியின் பொசிட்டிவ் முனை காரின் பொடியோடு இணைந்தது). முதலில் கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போட்டு, ஏர்த்தையும் மாற்ற வேண்டும். முக்கால் டன் காருக்கு இத்தனை ஆரவாரம் எனக்குத் தேவைப்படவில்லை. தோள்வலிக்காரர் என்றால் சரி, போடுங்கள். அழகுக்காகச் சின்ன ஸ்டியரிங் வீல் போடுகிறவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை. ரேடியல் டயரோடு அதைப் போட்டால் பார்க் பண்ணும்போது கை கழன்றுவிடும்.