குரூப் இன்சூரன்ஸோடு வரும் ஆன்லைன் டாக்டர் வசதி: வாங்கலாமா?

நிறுவனம் தன் ஊழியர்களுக்கு எடுக்கும் வழக்கமான குரூப் பாலிசி, ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும். காய்ச்சல், தோல் அரிப்பு, சுகர் மாத்திரைக்கெல்லாம் டாக்டர் ஃபீஸ் ஊழியரின் கையிலிருந்துதான் போகும். அந்தச் செலவைக் குறைக்கத்தான் நிறுவனங்கள் ஆன்லைன் ஆலோசனையைச் சேர்த்துத் தருகின்றன. தேவையான வசதிதான். ஆனால் ‘எத்தனை தடவை வேண்டுமானாலும்’ என்ற வாக்குறுதியை நம்பி மட்டும் வாங்கக் கூடாது. பெரும்பாலும் அது பொது மருத்துவருக்குத்தான். தோல், மகப்பேறு, மனநல டாக்டர்களுக்கு வருடத்துக்கு எத்தனை தடவை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தச் சேவையின் உயிர் மருந்துச் சீட்டில் இருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலின்படி, சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் மருந்து தர யோசிப்பார்கள். எந்த மருந்தை எப்படிப் பேசி எழுதலாம் என்பதற்கும் பட்டியல் உண்டு. பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்றவற்றைப் போனில் பேசியே எழுதலாம். ‘ஏ’ பட்டியல் (ஓரளவு பாதுகாப்பானவை, ஆனால் டாக்டர் சீட்டு தேவைப்படுபவை) மருந்து என்றால் முதல் ஆலோசனை வீடியோவில்தான் நடக்க வேண்டும். ஏற்கெனவே மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அதையே தொடர்ந்து எழுதித் தரலாம். அதோடு சிட்டாகிளிப்டின் என்ற இன்னொரு சுகர் மாத்திரையைச் சேர்க்க, அதே நோய்க்கு நேரில் பார்த்திருக்க வேண்டும். எக்ஸ் அட்டவணை மருந்துகளை (பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடியவை, கடும் கட்டுப்பாடு உள்ளவை) எழுதவே கூடாது. ஆகவே டாக்டர் மறுக்கும்போது ஆப் மீது குறை சொல்லிப் பயனில்லை. இதை ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது எச்ஆரின் வேலை. சாட் மட்டும் உள்ள மலிவான பேக்கேஜை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

அடுத்த சிக்கல் லாகின். எச்ஆர் அனுப்பும் பட்டியலில் அப்பா, அம்மாவின் மொபைல் எண் இல்லாவிட்டால் ஓடிபி மகனின் போனுக்கு வரும். மகன் சோழிங்கநல்லூரில் மீட்டிங்கில், அம்மா திருநெல்வேலியில் மூச்சிரைப்போடு. அதனால் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் தனி எண் கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் பெயர் பாலிசியில் ஏறும்வரை அவருக்கு ஆப் திறக்காது. எத்தனை நாளில் ஏற்றுவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் போடச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுமுன் இரவு 9 மணிக்குத் தமிழ் பேசும் டாக்டரை ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். பகலில் காட்டும் டெமோவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினால் அதற்கும் மருந்துக்கும் யார் பணம் கட்டுவது? பேச்சு மட்டும் இலவசம் என்றால், அரசின் இ-சஞ்சீவனியிலேயே பைசா செலவில்லாமல் டாக்டரிடம் பேசலாம். லேப், மருந்து இரண்டுக்கும் ஒரு தொகை ஒதுக்கிய பேக்கேஜுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

நிர்வாகத்துக்குப் போகும் அறிக்கையில் மொத்த எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும். எட்டுப் பேர் உள்ள டீமில் ‘ஒருவர் மனநல ஆலோசனை பெற்றார்’ என்று போட்டால், பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். டீம்வாரி அறிக்கையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனி போல, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் அதிகம் வேலை செய்யும் இடங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் இஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் வருபவர்கள். நோய் விடுப்புக்கு இஎஸ்ஐ தரும் 70 சதவீதச் சம்பளத்துக்கு இஎஸ்ஐ டாக்டரின் சான்றுதான் வேண்டும். ஆப் டாக்டர் சொன்னார் என்று மூன்று நாள் வீட்டில் படுத்தவருக்கு அந்தப் பணம் கிடைக்காது. இந்த விவரத்தை ஆப் பற்றிய அறிவிப்பிலேயே தமிழில் அச்சடித்து ஒட்டுங்கள்.