குட்டி யானை மேல் ஒரு படுக்கைப் பெட்டி: நாலு வருஷம் படுத்துப் பார்த்த அனுபவம்

என் குட்டி யானை வண்டியின் தொட்டியில் ஏற்றிப்போய், உள்ளே படுத்துக்கொள்ளும் இந்தப் பெட்டியை 2021 ஆடியில் செய்து முடித்தேன். அதில் படுத்த ராத்திரிகளை நோட்டில் குறித்து வைத்துவருகிறேன். நாலு வருஷத்தில் 112 ராத்திரி. ஊர் சுற்றப் போனது அதில் பாதிதான். மீதி களத்திலும், அறுத்த நெல்லுக்குக் காவலாகவும் படுத்தது. செலவு மொத்தம் 43,000 ரூபாய். இரண்டாம் வருஷம் ஒரு பக்கச் சுவரை அறுத்து மாற்றியதற்கு 6,000 தனி.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். என்னிடம் ஒரு டாடா ஏஸ், அதாவது குட்டி யானை என்று சொல்லும் சின்னச் சரக்கு வண்டி, இருக்கிறது. தேங்காய், வாழைத்தார், வைக்கோல் என்று வாடகைக்கு ஓடுகிறது. முதலில் ஆசைப்பட்டது பின்னால் இழுத்துப்போகும் ட்ரெய்லருக்குத்தான். பழைய மாருதி 800-இன் பின் அச்சையும் 12 அங்குலச் சக்கரங்களையும் காயலான் கடையில் பார்த்து விலைகூடப் பேசிவிட்டேன். அப்புறம்தான் விசாரித்தேன். மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும். வீட்டில் செய்த ஒன்றுக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏற எனக்குத் தெம்பில்லை. இருக்கிற வண்டியின் தொட்டியில் சரக்கு மாதிரி ஏற்றி இறக்கும் பெட்டியாகவே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். வண்டி ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது. அதில் இன்றுவரை விட்டுக்கொடுத்ததில்லை. குடும்பம் பஸ்ஸில் வந்து சேரும்.

அளவு 7 அடி நீளம், 4 அடி 8 அங்குல அகலம். ஒரு அங்குலச் சதுரக் குழாயில் சட்டம், வெளியே பிளைவுட், மேலே தகரம். அடிச்சட்டத்துக்கு மட்டும் நல்ல மரம் கிடைத்தது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் கொல்லையில் சாய்த்துப்போட்ட பூவரசு அது. அறுத்துப் பரணில் போட்டு வைத்திருந்தோம். நாலு வருஷமாக ஈரத்திலேயே நிற்கிறது, இன்னும் ஒரு செல் அரிப்பு கிடையாது.

தொட்டியின் பக்கப் பலகைக்கு மேலே வெளியே நீளும்படி நாலு இரும்புக் கை. அவற்றின் நுனியில் திருகு ஜாக்கி பொருத்திய கால்கள். நாலையும் மாற்றி மாற்றித் திருகினால் பெட்டி தொட்டியை விட்டு எழும்பும். நாலு அங்குலம் எழும்பியதும் வண்டியை முன்னால் எடுத்துவிடலாம். இருபது நிமிஷ வேலை. பெட்டியை எடை மேடையில் ஏற்றிப் பார்த்தேன், 310 கிலோ. சாமான்களோடு சேர்த்தாலும் வண்டி தாங்கும் பாரத்துக்குள் வருகிறது. ஆனால் உயரமான பெட்டி என்பதால் வேதாரண்யம் சாலையில் பக்கக் காற்று தள்ளும், 45-ஐத் தாண்டுவதில்லை. முதல் பயணத்தில் நைலான் கயிற்றால் கட்டினேன், இருபது கிலோமீட்டரில் தளர்ந்துவிட்டது. இப்போது நாலு மூலையிலும் சங்கிலி, திருகி இறுக்கும் கொக்கி.

இனி, நான் தப்பாகச் செய்தது. வீடியோக்களில் பார்த்ததெல்லாம் குளிர் ஊர்ப் பெட்டிகள். சந்துபொந்து இல்லாமல் அடைத்திருப்பார்கள், சின்னதாக ஒரு ஜன்னல் இருக்கும். நானும் அப்படியே செய்தேன். முதல் ராத்திரி அம்மா அரை மணி நேரம் படுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "பத்தாயத்துக்குள்ள படுத்த மாதிரி இருக்குடா. நெல்லு கெடக்கும், மனுசன் கெடக்க முடியுமா?" என்றார். மார்கழியில் வேறு மாதிரித் தொல்லை. பனிக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடினால் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு முத்து முத்தாகத் தொங்கும், விடியற்காலையில் முகத்தில் சொட்டும். ஒரே பருவத்தில் நுரை மெத்தையின் அடிப்பக்கம் கறுத்துப் பூசணம் பிடித்துவிட்டது.

இரண்டாம் வருஷம் நிழல் பக்கத்து நீளச் சுவர் முழுவதையும் அறுத்து, மேலே கீல் வைத்துத் தூக்கிக் கட்டும் கதவாக்கினேன். தூக்கி இரண்டு கம்பு முட்டுக் கொடுத்தால் வெளியே நாலடிக்கு நிழல் விழும். பெட்டி திண்ணை ஆகிவிடும். உள்பக்கம் முழுக்கக் கொசுவலை. எதிர்ச் சுவரில் கூரைக்குக் கீழே நாலு அங்குல உயரத்துக்கு, நீளமாக ஒரு வலைத் திறப்பு. அதை மழையிலும் பனியிலும் மூடுவதே இல்லை. சொட்டு நின்றுவிட்டது. நுரை மெத்தையைத் தூக்கிப்போட்டுவிட்டு, இடைவெளி விட்ட பலகைமேல் கோரைப்பாயும் ஜமக்காளமும் விரித்தோம். காலையில் உதறி வெயிலில் போட்டால் வேலை முடிந்தது.

கூரைச் சூட்டுக்கு உள்ளே தெர்மாக்கோல் ஒட்டினேன், வெளியே வெள்ளை அடித்தேன். கத்திரி வெயிலுக்கு அது போதவில்லை. கடைசியில் சரிப்பட்டது தென்னங்கீற்றுதான். நிறுத்தியதும் தகரத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கம்பு கட்டி, இரண்டு வரிசைக் கீற்று பரப்பிவிடுவேன். கீற்று வெயிலை வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடும். தகரத்தில் கை வைத்துப் பார்க்கலாம். தாராளமாக வைக்க முடியும்.

காற்றுக்கு அடுத்தபடி கால். டெல்டாக் களிமண்ணைப் பற்றி எனக்கே நினைவூட்ட வேண்டியிருந்தது. தாளடி, அதாவது இரண்டாம் போக நெல், அறுப்புச் சமயம், களத்து ஓரத்தில் பெட்டியை இறக்கி வைத்திருந்தேன். எதிர்பாராமல் ஒரு மழை. நடு ராத்திரியில் தலைமாட்டில் இருந்த பித்தளைச் சொம்பு மெதுவாக நகர்ந்து வந்து என் தோளில் முட்டியது. எழுந்து விளக்கைப் போட்டால் சொம்புத் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இறங்கிப் பார்த்தேன். வாய்க்கால் பக்கத்துக் கால் ஒரு முழத்துக்குமேல் புதைந்திருந்தது. அம்மாவையும் மகளையும் மெல்ல இறக்கிவிட்டு, விடியும்வரை வைக்கோல் போரடியில் உட்கார்ந்திருந்தோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அது புதையாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். ஆளும் சாமானும் சேர்த்து சுமார் 500 கிலோ, ஒரு காலுக்கு 125. ஜாக்கியின் பாதம் மூன்றுக்கு மூன்று அங்குலம். சதுர அங்குலத்துக்குப் பதினாலு கிலோ அழுத்தம். இப்போது ஒவ்வொரு காலுக்கும் ஒரு அடிச் சதுரப் பூவரசுப் பலகை. அழுத்தம் ஒரு கிலோவுக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சாயவில்லை. வேறு எதை மறந்தாலும் இந்த நாலு பலகையை மறப்பதில்லை.

பிளைவுட்டில் காசு மிச்சம் பிடித்தது வீண். கடையில் சொன்னதை நம்பி சாதா பிளைவுட் வாங்கினேன். ஒரு ஐப்பசி மழையில் அடி ஓரம் அப்பளம் மாதிரி உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்தது. ஐஎஸ் 710 என்று இந்தியத் தர எண் முத்திரை போட்ட பலகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதுதான் தண்ணீர் தாங்கும் ரகம். ஐஎஸ் 303 வீட்டுக்குள் அலமாரிக்கு ஆகும்.

மின்சாரத்தில் குறையே இல்லை. 100 வாட் சோலார் பலகை, 40 ஆம்பியர் மணி பேட்டரி, 12 வோல்ட் மின்விசிறி. விசிறி 15 வாட். ராத்திரி பத்து மணி நேரம் ஓடினாலும் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குதான் இறங்கும். உள்ளே அடுப்பு மட்டும் கூடாது, கொசுவர்த்தியும் கூடாது. வெளியே காற்று வரும் பக்கம் நொச்சித் தழை புகை போட்டால் போதும்.

எங்கெல்லாம் போனோம் என்றால், ஒவ்வொரு வருஷமும் தை அமாவாசைக்குக் கோடியக்கரை. சரணாலயத்துக்குள் தங்குவதில்லை. வெளியே சொந்தக்காரர் தோப்பில் இறக்கி வைப்போம். விடியற்காலை கடலில் முழுக்கு, அப்புறம் பூநாரைகளைப் பார்க்கப் போவோம். உப்பளக் காற்று இரும்பைத் தின்னும். வீடு திரும்பிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, ஜாக்கித் திருகுகளுக்கு கிரீஸ் வைத்துவிடுவேன். ஒரு வருஷம் சோம்பலில் விட்டதில் ஒரு ஜாக்கி அப்படியே இறுகிவிட்டது, புதிதுதான் வாங்க வேண்டியிருந்தது. திருவையாற்றில் ஆடிப்பெருக்குக்கு இரண்டு தடவை போனோம். கதவைத் தூக்கிவிட்டு, அம்மா புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் எடுத்து வைத்ததை நிறையப் பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் பெட்டி போட்ட காசை எடுத்துக் கொடுத்தது நெல் விற்கிற நாட்களில். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளை இறக்கிவிட்டு எங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் பகலில் காய வைப்பதும், மாலையில் தார்ப்பாய் போட்டு மூடுவதுமாகவே பொழுது போகும். முன்பெல்லாம் மூட்டைமேலேயே சாக்கு விரித்துப் படுப்போம். போன வருஷம் ஆறு ராத்திரி பெட்டியில் படுத்தேன். பக்கத்தில் நெல் போட்டிருந்த மாமா ஒருவருக்கு இடுப்பு வலி. இரண்டு ராத்திரி அவரை உள்ளே படுக்கச் சொல்லிவிட்டு நான் காவல் பார்த்தேன். காலையில் அவர் அளவையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது மிச்சம் இருப்பது ஏறும் படி. தரையிலிருந்து பெட்டித் தளம் உயரம். அம்மாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை, நாற்காலி போட்டு ஏற்றுகிறோம். மீதிப் பூவரசில் எட்டு அங்குல உயரத்துக்கு ஒன்றாக நாலு படி அறுத்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய் வைத்து, வருகிற தைக்குள் முடித்துவிடுவேன்.