மாரிக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில பூல் திறக்கிறது: ஆரைப் பிடிக்கலாம், என்ன கிடைக்கும்

கனடா போல வெளிநாட்டில இருந்துகொண்டு ஊரில வீடு வச்சிருக்கிற எங்கட ஆக்கள் சிலபேர் இப்ப பேரப்பிள்ளையள் வந்து நிக்கேக்க குளிக்கட்டும் எண்டு பின்வளவில நிலத்துக்கு மேல வைக்கிற பூல் போட்டு வச்சிருக்கினம். தோண்டுற வேலை இல்லை, இரும்புக் கால், தடிச்ச வினைல், ஒரு மோட்டர், ஒரு பில்டர், அவ்வளவுதான். கோண்டாவிலில எங்கட அக்கா வீட்டிலயும் ஒண்டு இருக்கு, 15 அடி அகலம், 4 அடி உயரம், நிரப்பினால் கிட்டத்தட்ட 17,000 லீட்டர் தண்ணி, அதாவது 17 தொன். மாரி முழுக்கச் சும்மா கிடந்த அதை இந்தமுறை தைப்பொங்கலுக்குப் போய் நிண்ட நேரம் நான் கூட நிண்டு திறப்பிச்சனான். இப்பிடி வீடு வச்சிருக்கிறவைக்கு உதவும் எண்டுதான் ஆர் ஆர் வந்தவை, எது கிடைச்சது, எது கிடைக்கேல்லை எண்டு எழுதுறன்.

கனடாவில எங்களுக்கு இது பழகின வேலை. பனிக்காலத்துக்கு முதல் தண்ணியை, மேல மிதக்கிற குப்பையை இழுக்கிற ஸ்கிம்மர் வாய்க்குக் கீழ இறக்கி, பைப்பில தண்ணி நிண்டு உறைஞ்சு வெடிக்காமல் அடைப்புப் போட்டு, நடுவில காத்துத் தலையணை ஒண்டு மிதக்க விட்டு மூடுவம், மே மாசம் விக்ரோரியா டே அண்டை திறப்பம். அந்த நேரம் தண்ணி நல்லாக் குளிரும், பாசி இன்னும் எழும்பியிருக்காது, அதால ஆறுதலாச் செய்யலாம். யாழ்ப்பாணத்தில அந்த ஆறுதல் கிடையாது. உறையிறதுக்கு ஒண்டும் இல்லைத்தான், ஆனால் தை மாசத்திலயும் பகல் 28, 29 பாகை, பாசி ஒரு நாளும் நித்திரை கொள்ளாது, ஐப்பசி கார்த்திகை மார்கழி எண்டு வருசத்து மழையில பெரும்பங்கு அந்த மூண்டு மாசத்துக்கையே கொட்டித் தீர்த்திடும். கார்த்திகைக் காத்துக்கு மூடியிட கயிறு அறுந்து ஒரு பக்கம் உள்ளுக்க இறங்கிப் போச்சு எண்டு அக்கா முந்தியே சொன்னவ. நான் போய்ப் பாக்கேக்க விளிம்பு மட்டும் பச்சைத் தண்ணி.

முதல்ல ரவுணில பூல் பராமரிப்புச் செய்யினம் எண்டு விளம்பரம் போட்ட ஒரு இடத்துக்குத்தான் எடுத்தனான். போனில நல்லாத்தான் கதைச்சவை, நாளைக்கு வாறம், நாளைக்கு வாறம் எண்டு இழுத்துக் கடைசியில ஒரு தம்பி வந்து எட்டிப் பாத்திட்டு, அண்ணை முழுத் தண்ணியையும் ஊத்தோணும், நாங்கள் பவுசரில கொண்டுவந்து புதுசா அடிக்கிறம் எண்டார். தண்ணியில ஒரு விரல் கூட வைச்சுப் பாக்கேல்லை. பக்கத்து வீட்டு ஆக்களும் அதைத்தான் சொன்னவை, கிணத்து மோட்டரைப் போட்டால் ஒரு இரவில நிரம்பிடுமே எண்டு. நான் ஒத்துக்கொள்ளேல்லை, ஏனெண்டதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லோணும், இந்த எழுத்தில முக்கியமான விசயமே அதுதான்.

யாழ்ப்பாணத்துக்கு ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில மட்டும் ஓடுற ஒண்டு. எங்களுக்கு இருக்கிறது சுண்ணாம்புக் கல்லுக்க மழையால ஊறித் தேங்கிற தண்ணி, அந்த நல்ல தண்ணி கீழ இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டுதான் நிக்குது. மேல நீர்மட்டம் ஒரு அடி நிரந்தரமா இறங்கினால் கீழ உப்பு 40 அடி அளவுக்கு ஏறி வரும் எண்டு நிலத்தடி நீர் படிச்சவை கணக்குச் சொல்லுவினம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைச்சு இறைச்சு உவராப் போன கிணறுகளை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறம். குடிக்கிற தண்ணிக்காக 2024 இல தாளையடியில கடல் தண்ணியை நன்னீராக்கிற நிலையம் திறக்க வேண்டி வந்த ஊர் இது. அங்க 17,000 லீட்டரை ரோட்டில ஓடவிட்டு இன்னொரு 17,000 லீட்டர் இறைக்கிறது எனக்கு மனசுக்கு ஏலாத காரியம்.

அதைவிடப் பூலுக்கும் அது கூடாது. கனடாவிலயிருந்து கொண்டுபோன, தண்ணியைச் சோதிக்கிற ரெஸ்ற் ஸ்ற்ரிப் ஒண்டைக் கிணத்துத் தண்ணியிலயும் ஒண்டைப் பூல் தண்ணியிலயும் தோச்சுப் பாத்தனான். கிணத்துத் தண்ணிக்குக் கடினத்தன்மை நிறம் கடைசிக் கட்டத்துக்கே போட்டுது, கேத்திலுக்க வெள்ளையாப் படியுமே அந்தச் சுண்ணாம்புதான். பூல் தண்ணி நடுக் கட்டத்தில நிண்டுது, ஏனெண்டால் மாரி முழுக்க மழைத்தண்ணி நேரா உள்ளுக்க விழுந்து அதை மெதுவாக்கிப் போட்டுது. பாக்கப் பச்சையா இருந்தாலும் எங்கட ஊரில பூலுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல தண்ணி அதுதான். பாசியைக் கொல்லலாம், கரைஞ்ச சுண்ணாம்பை எடுக்கிறது லேசில்லை. அந்தத் தம்பிக்கு வந்துபோன செலவைக் குடுத்து அனுப்பிப்போட்டு மற்ற ஆக்களைத் தேடினன்.

அக்காவின்ர தோட்டத்துக்கு வாற அண்ணை ஒருத்தர்தான் மூடி எடுத்தவர். அவர் செய்த முதல் வேலை, ஒரு பூவரசந் தடியை முறிச்சுக்கொண்டு வந்து மூடி மடிஞ்சு கிடந்த இடமெல்லாம் மெல்ல மெல்லத் தட்டினது. மாரிக்குப் பிறகு மடிப்புக்க என்ன சுருண்டு கிடக்கும் எண்டு தெரியாது தம்பி எண்டார். ரெண்டு தவளை பாஞ்சு போச்சுது, வேற ஒண்டும் இல்லை. மூடிக்கு மேல தேங்கின தண்ணியை உள்ளுக்க சாயவிடாமல் ஒரு சின்னப் பைப்பால உறிஞ்சி வாழைக்கு விட்டவர். அந்தத் தண்ணி நிறைய நுளம்புக் குடம்பி நெளிஞ்சுகொண்டு நிண்டுது. முட்டையிலயிருந்து நுளம்பாகிப் பறக்க எங்கட வெக்கைக்கு ஒரு கிழமை, பத்து நாள் காணும். மழை விட்ட கையோட யாழ்ப்பாணத்தில டெங்கு ஏறுறது வழமை, பிஎச்ஐ எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆக்கள் வளவு வளவா வந்து ரயர், சிரட்டை, தண்ணித் தொட்டி எல்லாம் பாப்பினம், குடம்பி கண்டால் வழக்கும் போடுவினம். கிணத்துக்க மீன் விட்டு வச்சிருக்கிற மாதிரிப் பூலுக்க விடவும் ஏலாது, குளோரின் போட்டால் மீன் நிக்காது. அதால வெளிநாட்டில இருந்துகொண்டு ஊரில பூல் போட்டுவைச்சிருக்கிறவை மாரி நேரம் அதைப் பாக்க ஒரு ஆளை ஒழுங்கு பண்ணாமல் விடுறது அயலுக்குச் செய்யிற பிழை எண்டுதான் நான் சொல்லுவன்.

இலை அள்ளுறது மாமரத்து இலை எண்டால் சுகம், வலையோட வரும். முருங்கைதான் ஆக்கினை. பொடிப்பொடியா உதிர்ந்து அரைவாசி அழுகி அடியில கிடக்கும், வலையை விட்டால் கண்ணால வழுகிப் போகும், கலக்கினால் திரும்ப மேல எழும்பும். அக்கா அத்தானின்ர பழைய வேட்டித் துண்டு ஒண்டைக் கொண்டுவந்து வலையின்ர வளையத்தில சுத்தித் தைச்சுத் தந்தவ, அதுக்குப் பிறகுதான் அடி தெளிவா வந்தது. ஒருக்கா இழுத்துப் போட்டு இருட்டும் மட்டும் விட்டு, அடைஞ்ச பிறகு திரும்ப இழுக்கோணும், அவசரப்படக் கூடாது.

மோட்டர் விசயம் எழுதாமல் விட ஏலாது. சுவிச்சைப் போட்டால் உம்ம் எண்டு சத்தம் மட்டும், சுத்தேல்லை. வெளிநாட்டு மோட்டர் இஞ்ச ஆர் பாப்பினம் எண்டு அத்தான் யோசிச்சவர், ஆனால் தோட்டக்காரரிட தண்ணி மோட்டரெல்லாம் பாக்கிற, கொயில் சுத்துற ஒரு சின்னக் கடைக்குக் கொண்டுபோனம். அந்த ஐயா கழட்டினதுமே கப்பாசிற்றரைக் காட்டினார், தலை ஊதிப்போய்க் கிடந்தது. அவர் அதோட விடேல்லை. தண்டைக் கையால சுத்திப் பாத்து, சீல் உவர் பிடிச்சுக் கல்லாப் போச்சு தம்பி, இப்ப மாத்தாட்டி மாசியில ஒழுகும், ஒழுகினால் கொயில் போகும் எண்டு சொல்லித் தன்னட்ட இருந்த பெட்டியில கிளறி அளவான சீல் ஒண்டை எடுத்துப் போட்டார். பழைய சீலை என்ர உள்ளங்கையில வைச்சு அந்த வெள்ளைப் படிவை நகத்தால சுரண்டிக் காட்டினார். அண்டைக்கே தந்தவர், கேட்ட காசும் நியாயம். கனடாவில எண்டால் மோட்டரைத் திருத்த மாட்டினம், புதுசு வாங்குங்கோ எண்டு சொல்லுவினம், இந்த ஐயாவைப் போல ஆக்கள் எங்கட ஊருக்குக் கிடைச்ச கொடை.

கனடாவிலயிருந்து பூல் மோட்டர் கொண்டுபோக நினைக்கிறவைக்கு ஒண்டு. அங்க 120 வோல்ற் 60 ஹேர்ட்ஸ், இலங்கையில 230 வோல்ற் 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் போட்டு வோல்றைக் குறைக்கலாம், ஆனால் ஹேர்ட்ஸ் மாறாது, மோட்டர் ஆறில ஒரு பங்கு மெதுவாத்தான் சுத்தும், சூடும் ஏறும். 230 வோல்ற் 50 ஹேர்ட்ஸ் மோட்டரா எடுத்துப் போடுங்கோ.

வயரிங் பாக்க வந்த தம்பி வயசு குறைஞ்ச பிள்ளை, ஆனால் வேலை கவனம். பின்வளவுப் பிளக் பெட்டியைத் திறக்க உள்ளுக்க எறும்பு மண் கட்டி வைச்சிருந்தது. அதைத் துப்புரவாக்கி, தண்ணி படாத மூடியுள்ள பெட்டி மாத்தி, அந்த லைனுக்கெண்டு கரண்ட் ஒழுகினால் உடனே வெட்டுற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் தனியாப் போட்டு, ரெஸ்ற் பட்டனை என்னைக்கொண்டே அமத்திப் பாக்கச் சொன்னவர். தண்ணிக்க பிள்ளையள் நிக்கப் போற இடத்தில இந்தச் செலவில மிச்சம் பிடிக்காதேங்கோ.

குளோரின்தான் கஷ்டம். கனடாவில வாங்கிற மாதிரிப் பூல் சாமான் வாளி வாளியா அடுக்கி வச்சிருக்கிற கடை நான் தேடின இடத்தில இல்லை, வெயிலுக்குக் குளோரின் பறக்காமல் காக்கிற ஸ்ரபிலைசரும் கிடைக்கேல்லை. கிடைச்சது கிணத்துக்குப் போடுற ரிசிஎல் பவுடர், அதாவது பிளீச்சிங் பவுடர். அதுவும் காணும், ஆனால் போடுற விதம் இருக்கு. நேரா அள்ளிக் கொட்டினால் அதில இருக்கிற சுண்ணாம்பு முழுக்கத் தண்ணிக்க போய்ப் பால் மாதிரி வெளிறி, பில்டரையும் அடைச்சுப் போடும். பிளாஸ்ரிக் வாளியில முதல் தண்ணி, பிறகு பவுடர், கட்டையால கலக்கிப்போட்டு ஒரு மணித்தியாலம் அடைய விட்டு, மேல நிக்கிற தெளிவை மட்டும் ஊத்தோணும், அடியில கிடக்கிற வெள்ளைச் சேறு வேண்டாம். கணக்கும் லேசு: 17,000 லீட்டர் தண்ணியில லீட்டருக்குப் பத்து மில்லிகிராம் ஏத்த 170 கிராம் குளோரின் வேணும், பவுடரில 30 வீதம் எண்டால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஈரக்காத்துப் பட்ட பழைய பவுடரில அந்த 30 வீதமும் இராது, அதால கட்டாத, நல்லா மணக்கிற பவுடராப் பாத்து வாங்குங்கோ. பகல் வெயிலுக்குக் கொஞ்ச மணித்தியாலத்திலயே போயிடும், பொழுதுபட்டாப் பிறகு ஊத்தி விடியும் மட்டும் மோட்டரை ஓடவிட்டனாங்கள். அதுக்கு முதல் பிஎச்சை, அதாவது தண்ணியின்ர அமில கார அளவை, குறைக்க ஹாட்வெயாரில வாங்கின அசிட் கொஞ்சம் விட்டது. அசிட்டும் குளோரினும் ஒரே வாளியில, ஒரே நேரத்தில வேண்டவே வேண்டாம், வாற வாயு ஆளைக் கொல்லும். பச்சை முதல் சாம்பலாகி, பிறகு மங்கல் வெள்ளையாகி, பில்டர் கார்ட்ரிஜ்ஜை மாறி மாறிக் கழுவக் கழுவத்தான் தெளிஞ்சது.

கடைசியா வெல்டிங் பட்டறை. ரொறன்ரோவில 60 சென்ரிமீற்றருக்குக் கூட தண்ணி நிக்கக்கூடிய பூல் எண்டால் சுத்திவர வேலியும் அதுக்குப் பெர்மிட்டும் வேணும். யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் வந்து கேக்க மாட்டினம், ஆனால் கிணத்துக்குக் கட்டுக் கட்டுற ஆக்கள் நாங்கள், பூலைச் சுத்திச் சும்மா விடுறது எப்பிடி? பட்டறைக்காரர் நூல் பிடிச்சு அளந்து, குழந்தைப்பிள்ளை கால் வைச்சு ஏற ஏலாத மாதிரி நிமிர்ந்த கம்பிகள் மட்டும் வைச்சு, தானா மூடிற ஸ்பிரிங் கேற்றோட அடைப்பு ஒண்டு அடிச்சுத் தந்தவர். சொன்ன நாளுக்கு ஒரு நாள் பிந்தித்தான் கொண்டுவந்தவர், ஆனால் பூட்டு எங்க வரோணும் எண்டு அவரே யோசிச்சு உயரத்தில வைச்சிருந்தார். கறள் பிடிச்சிருந்த ஏணிப் படியையும் அவரே மாத்தித் தந்தவர். குளிக்காத நேரம் ஏணியைக் கழட்டி வீட்டுக்க வையுங்கோ.

ஊருக்குப் போறவை சூட்கேசில ரெஸ்ற் ஸ்ற்ரிப்பும் மேலதிகமா ரெண்டு கார்ட்ரிஜ்ஜும் கொண்டுபோங்கோ, அங்க பிடிக்கிறது கஷ்டம். குளோரின் குளிசையோ பவுடரோ மட்டும் வைக்காதேங்கோ, விமானத்தில தடை. மோட்டர், வயரிங், இரும்பு வேலை எல்லாத்துக்கும் ஊரில நல்ல கையள் இருக்கு, பெரிய விளம்பரம் பாத்துத் தேடாமல் உங்கட ஒழுங்கையில தோட்டம் செய்யிற ஆக்களிட்டக் கேளுங்கோ, அவைக்குத் தெரியும். குளோரின் லீட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ இறங்கி, பிஎச் 7.4 காட்டி, அடியில போட்ட குத்திக்காசு மேல நிண்டு வடிவாத் தெரிஞ்சாப் பிறகுதான் நாங்கள் பிள்ளையளை இறங்க விட்டனாங்கள். மூடிக்கு இப்ப நைலோன் கயிறு இல்லை, கம்பி வடம் போட்டிருக்கு, புரட்டாசி முடிய முதல் தோட்டத்து அண்ணை வந்து மூடித் தாறன் எண்டு சொல்லியிருக்கிறார், மாரி நேரம் கிழமைக்கு ஒருக்கா மூடித் தண்ணி இறைக்கிறதுக்கும் அவரிட்டயே சம்பளம் பேசிப்போட்டு வந்திருக்கிறன்.