சங்கிலியில் பங்கு, இழுப்பறையில் டிக்கெட்

சம்பளம் வந்த மறுநாள், கொழும்புக் கோட்டையிலுள்ள எங்கள் அலுவலகத்தின் சாப்பாட்டு மேசையில் வயதில் இளையவனான தம்பி ஒருவன் கைபேசியை நீட்டினான். அமெரிக்காவின் பவர்போல் லொத்தருக்கு ஒரு கூட்டு முதலீடு. பலரும் கிரிப்டோ நாணயத்தில் பணம் போடுவார்கள், நடத்துபவர் அதைத் திரட்டி டிக்கெட் வாங்குவார். போட்ட பணத்துக்கு டோக்கன் வடிவில், அதாவது பிளொக்செயின் எனும் இணையப் பதிவேட்டுச் சங்கிலியில் எழுதிவைக்கப்படும் பங்கு கிடைக்கும். சீட்டிழுப்புக்கு முன்பே அந்தப் பங்கை இன்னொருவருக்கு விற்கவும் செய்யலாம். "அண்ணா, வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் செய்வதும் இதுதானே?" என்று கேட்டான்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதுதான். எட்டுப் பேர் வாரம் ஆளுக்கு 200 ரூபாய் போடுகிறோம். டிக்கெட் ஒன்று 40 ரூபாய், ஆகவே 1600 ரூபாய்க்கு 40 டிக்கெட். பெரும்பாலும் தேசிய லொத்தர் சபையின் மகாஜன சம்பத, சில வாரம் அபிவிருத்தி லொத்தர் சபையின் ஏதாவது ஒன்று. புறக்கோட்டையில் குடையின் கீழ் பலகையில் டிக்கெட்டுகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் அம்மாவிடம் வாங்குகிறோம். வாங்கியவர் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் படம் எடுத்து, சீட்டிழுப்புக்கு முன்பே வட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஒருமுறை படம் மறுநாள் காலையில்தான் வந்தது. அன்று பரிசு எதுவும் விழவில்லை. ஆனாலும் பொறுப்பாளரை மாற்றிவிட்டோம்.

இப்போது தம்பியின் திட்டத்துக்குக் கணக்குப் போடுவோம். 1000 பேர் தலைக்கு 10 டொலர் போட்டால் 10,000 டொலர். பவர்போல் டிக்கெட் 2 டொலர், எனவே 5000 டிக்கெட். முதல் பரிசு விழும் வாய்ப்பு ஒரு டிக்கெட்டுக்கு 29,22,01,338இல் ஒன்று. 5000 டிக்கெட் கையில் இருந்தால் ஏறத்தாழ 58,440இல் ஒன்று. நடத்துபவர் பத்து வீதம் கட்டணம் எடுத்தால் டிக்கெட் 4500 ஆகும், வாய்ப்பு சுமார் 65,000இல் ஒன்றாகச் சுருங்கும். சிறு பரிசுகள் வரும்தான். 5000 டிக்கெட்டில் சராசரியாக 200 அளவுக்கு ஏதாவது ஒரு பரிசு விழலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 4 டொலர், கொஞ்சம் 7 டொலர். வழக்கமான ஒரு நாளில் 10,000 டொலர் போட்ட கூட்டத்துக்கு மொத்தமாக 1000 டொலர் திரும்பினாலே பெரிய விஷயம். பத்து டொலர் பங்கின் மதிப்பு ஒரே இரவில் ஒரு டொலருக்குக் கீழே போய்விடும்.

கூட்டுச் சேர்வதால் போட்ட ரூபாய்க்கான வாய்ப்பு கூடுவதில்லை. எங்கள் எட்டுப் பேர் குழுவிலும் அப்படித்தான். வெல்லும் தடவைகள் கூடும், ஒவ்வொரு தடவையும் எட்டாகப் பிரியும். கூட்டு உண்மையாகவே விளையாட்டை மாற்றியது எல்லா எண் சேர்க்கைகளையும் வாங்கும் அளவுக்குப் பணம் திரண்டபோதுதான். 1992இல் ஸ்டெபான் மண்டேல் என்பவர் சுமார் 2500 முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டி வர்ஜீனியா லொத்தரைக் குறிவைத்தார். 44 எண்களில் ஆறு, மொத்தம் 70,59,052 சேர்க்கைகள், டிக்கெட் ஒரு டொலர், முதல் பரிசு 2.7 கோடி டொலர். நேரம் போதாமல் சுமார் 50 இலட்சம் டிக்கெட்டோடு நின்றது, ஆனாலும் விழுந்தது. 2023 ஏப்ரலில் டெக்சாஸிலும் ஏறத்தாழ 2.58 கோடி சேர்க்கைகளையும் ஒரு தரப்பு வாரிக்கொண்டது. பவர்போலில் அதைச் செய்ய 58 கோடி டொலருக்கு மேல் வேண்டும். அப்படிச் செய்த பிறகும் வேறொருவர் அதே எண்ணை வைத்திருந்தால் பரிசு பாதியாகும்.

தம்பியின் வலுவான வாதம் விற்கலாம் என்பது. "விலை ஏறினால் வெளியேறிவிடலாம், அண்ணா." ஏன் ஏற வேண்டும்? நியூயோர்க்கில் இருப்பவர் கடையில் 2 டொலருக்கு அதே டிக்கெட்டை வாங்கிக்கொள்வார். முதல் பரிசு அடுத்த சுற்றுக்கு உருண்டு பெருத்தாலும் நேற்றைய டிக்கெட் செத்த டிக்கெட்தான், பழைய பங்குக்கு அதில் எந்த லாபமும் இல்லை. இழுப்பு முடியும் வரை ஆசையைத்தான் கைமாற்றலாம். அமெரிக்காவில் இரவு பதினொரு மணிக்கு இழுத்தால் இங்கே மறுநாள் காலை. ஆகக் கடைசியாக வாங்கியவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது முடிவைப் பார்ப்பார். சந்தை என்பதும் நிலையானதல்ல. பிட்கொயினில் பங்குகள் விற்கப்பட்ட ஜீஎல்பிஎஸ்ஈ என்ற தளம் 2012 ஒக்டோபரில் மூடப்பட்டது. போதாதற்கு, பிறர் உழைப்பில் லாபம் எதிர்பார்த்துக் கூட்டாகப் பணம் போடுவது முதலீட்டு ஒப்பந்தம், பங்குகளுக்கான சட்டம் அதற்கும் பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அந்த வழக்கு தோடம்பழத் தோட்டங்களைப் பற்றியது. லொத்தர் பங்குக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு இடம். யாருக்கு எத்தனை பங்கு என்பதைச் சங்கிலி துல்லியமாகக் காட்டும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் டிக்கெட் காகிதம். அது எங்கோ ஒரு மேசை இழுப்பறையில், ஒருவருடைய கையில் இருக்கிறது. வென்ற டிக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர்தான். அமெரிக்காவில் குடியிராதவருக்கு 30 வீத வரிப் பிடித்தம் என்பதும் அந்தக் கட்டத்தில்தான் நினைவுக்கு வரும். எங்கள் பொறுப்பாளர் ஓடிப்போனால் கொட்டாஞ்சேனையில் அவருடைய வீடு எது என்று எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது. தம்பிக்குப் பிடிக்கவில்லை, எனக்கு ஓரளவு பிடித்தது. 2019இல் தொடங்கிய பூல்டுகெதர் போன்ற கிரிப்டோ திட்டங்களில் போட்ட முதல் அப்படியே இருக்கும், வட்டி மட்டும் குலுக்கலில் ஒருவருக்குப் போகும். பிரிட்டன் 1956இல் கொண்டுவந்த பிரீமியம் பொண்ட் என்ற சேமிப்புப் பத்திரத்தின் அதே எண்ணம்தான். அங்கே அரசு உத்தரவாதம் கொடுக்கிறது, பூல்டுகெதரில் கணினி நிரலில் ஓட்டை இருந்தால் முதலும் போகும். முதல் போகாத கூட்டு என்றால் வெள்ளவத்தை அக்காமாரின் சீட்டும் அந்த இனம்தான். அதில் பரிசு கிடையாது, முறைதான் வரும்.

கொழும்பில் இருப்பவருக்கு இன்னொரு தடை. மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்கு வங்கி அட்டைகளைப் பயன்படுத்த 2021 முதல் அனுமதி இல்லை. 2022இல் ரூபாய் சரிந்த பிறகு டொலர் மணம் வீசும் எதுவும் நம் பிள்ளைகளை இழுப்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அட்டை வழி அடைபட்டவுடன் முன்பின் தெரியாத ஒருவருடைய வங்கிக் கணக்கில் ரூபாயைப் போட்டு டோக்கன் வாங்கச் சொல்வார்கள். அங்கேயே நான் எழுந்துவிடுவேன்.

டிக்கெட்டுகளின் படத்தைக் காட்டுவார்களா என்று நடத்துபவரிடம் கேட்கச் சொன்னேன். தம்பி கேட்டான். "பாதுகாப்பாக இருக்கின்றன" என்று பதில் வந்தது, கூடவே சிரிக்கும் முகம் ஒன்று. வெள்ளிக்கிழமை அவன் 200 ரூபாயை என் மேசையில் வைத்தான். நாலரைக்குப் படம் வந்தது. நாற்பது டிக்கெட், ஒன்றின் மூலையில் சம்பல் கறை.